சத்தம் போடாத வண்டி

திண்டுக்கல் பேகம்பூரில் மைதீன் பிச்சையின் காரைத் தெரியாதவர்கள் குறைவு. காருக்கென்று பெரிய அழகு எதுவும் கிடையாது. பதினாறு வயதான வெள்ளைக் கார், முன்பக்க பம்பர் ஒரு ஓரத்தில் பிதுங்கியிருக்கும், பின்கதவைச் சாத்த ஒரு தனிப் பழக்கம் வேண்டும். ஊருக்கே அது தெரிந்ததற்குக் காரணம் மைதீன் பிச்சையின் வாய்தான்.

"எந்த வண்டியில வேணாலும் ஏறிப் பாருங்க. கடகடன்னோ கிறீச்சுன்னோ ஏதாச்சும் ஒண்ணு கேக்கும். எம் வண்டியில ஒத்தைச் சத்தம் காட்டுங்க பாப்போம்." டீக்கடையில் யாராவது தன் வண்டியைப் பற்றி முனகினால் போதும், இதைச் சொல்லாமல் அவருக்கு டீ இறங்காது.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் வாங்கியபோது அது ஓடுகிற பாத்திரக்கடையாகத்தான் இருந்தது. அவர் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்க்கிறவர். பதனிட்ட தோலைச் சீராகச் சீவி எடுக்கிற மிஷினில் இருபத்தெட்டு வருசம். ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையில் இட்லியை விழுங்கிவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போனால், ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கத்தான் வெளியே வருவார். ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு சத்தம் என்று கணக்கு. பள்ளத்தில் விழும்போது மட்டும் தட்டினால் அடியில் ஏதோ ஒரு ரப்பர் தேய்ந்துவிட்டது. வளையும்போது முனகினால் சக்கரத்து பேரிங். வண்டி நிற்கும்போதும் கேட்டால் எஞ்சின் பக்கம் பார், ஓடும்போது மட்டும் கேட்டால் சக்கரத்துப் பக்கம் பார். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மிஷினோடு கிடந்த மனிதருக்கு இரும்பின் பேச்சு புரிந்தது, அவ்வளவுதான்.

வருசம் போகப் போகச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி மூன்று வருசமாக ஒன்றுமே இல்லை. அவரைப் பார்த்தால் கார்கள் வாயைப் பொத்திக்கொள்கின்றன என்று அவரே நம்ப ஆரம்பித்திருந்தார். மனைவி நர்கீஸ் மட்டும்தான் வரவரச் சத்தம் போட்டாள். வயதாக வயதாக இவளுக்குத் தொண்டை பெருத்துக்கொண்டே போகிறது என்று அவருக்கு ஒரு குறை.

ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாத தூறல். வியாழக்கிழமை சாயங்காலம் சிறுமலையிலிருந்து மருமகன் ஹஸ்ஸான் போனில் முகம் காட்டினான். மலைவாழைக்கும் மிளகுக்கும் கமிஷன் மண்டி வைத்து அங்கேயே குடியிருப்பவன்.

"மாமா, மேல மழை பிடிச்சிருச்சு. நாலாவது வளைவுல மண்ணு சரிஞ்சு, இப்பத்தான் அள்ளிப் போட்டிருக்காங்க. ஷப்னத்துக்கு எட்டு மாசம் முடியப் போகுது. இனி நாள் பாக்க வேணாம். நாளான்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

தலைப்பிரசவம். ஏழாம் மாதமே மகளைக் கூட்டிவந்திருக்க வேண்டும். ஹஸ்ஸானின் தாயார் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டதில் தள்ளிப்போய்விட்டது.

"மழையில நீங்க சிரமப்படணுமா மாமா? இங்க டாக்ஸி பிடிச்சு நானே கொண்டாந்து விட்டுருறேன்."

"எம் மகள எம் வண்டியிலதான் மாப்ள கூட்டியாருவேன். பிள்ளைத்தாச்சிய அலுங்காமக் கொண்டார எந்த டாக்ஸிக்காரனுக்குத் தெரியும்?"

போனை வைத்தார். நர்கீஸ் அடுப்படியில் பணியாரத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஷப்னத்த அந்த வண்டியில ஏத்த வேணாங்க."

"எந்த வண்டியில?"

"நம்ம வண்டியிலதான். எங்காலுக்கடியில ஒரு சத்தம் வருது. ரெண்டு மாசமா வருது."

மைதீன் பிச்சைக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. "எம் வண்டியிலயா?"

"ஆமா."

"எனக்குக் கேக்காத சத்தம் ஒனக்குக் கேட்டுருச்சாக்கும்."

நர்கீஸ் முந்தானையில் கையைத் துடைத்தாள். சின்னக் கேள்விக்கெல்லாம் நாலு பதில் வைத்திருப்பவள் சும்மா நின்றது அவருக்கு என்னவோ போலிருந்தது.

"எப்படிச் சத்தம்? சொல்லு பாப்போம். தட்டுதா, உரசுதா?"

"தட்டல. கொசு காதுக்குள்ள போனாப்புல. ங்ஙீன்னு. ஓடுறப்ப வருது, நின்னா நின்னுருது."

"மலைன்னதும் ஒனக்குப் பயம். பயத்துல காது கண்டதையும் கேக்கும்."

"காலையில ஒரு ரவுண்டு ஓட்டுங்க. நானும் வாரேன். ஒண்ணும் இல்லன்னா நான் வாய மூடிக்கிறேன்."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தெற்கே சிறுமலை கழுத்துவரை மேகத்தைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. மைதீன் பிச்சை காரை எடுத்துக்கொண்டு ஷாப்பின் பின்பக்கத் தெருவுக்குப் போனார். அங்கே ஷாப்பின் காம்பவுண்டுச் சுவர் முந்நூறு அடி நீளத்துக்கு ஒரு சந்து பொந்து இல்லாமல் ஓடும். கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தச் சுவரோரமாக மெதுவாக ஓட்டினால், சக்கரத்தில் பிறக்கிற சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வண்டிக்குள்ளேயே வந்துவிடும். திறந்த ரோட்டில் ஓடி ஒளிகிற சத்தத்தையெல்லாம் அவர் அந்தச் சுவரில் வைத்துத்தான் பிடித்திருக்கிறார். அங்கே வந்து மூன்று வருசமாகிவிட்டது. வரவேண்டிய வேலை இருக்கவில்லை.

"கண்ண மூடிக்க. சத்தம் கேக்குறப்ப விரலைத் தூக்கு. நின்னா இறக்கு."

நர்கீஸ் கண்ணை மூடி, வலது கையை மடியில் வைத்தாள். வண்டி நகர்ந்தது. பத்தடி போவதற்குள் அவளுடைய ஆட்காட்டி விரல் எழுந்து நின்றது.

மைதீன் பிச்சை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எஞ்சின் உறுமல் கேட்டது. ஈர மணலில் டயர் நெறிவது லேசாகக் கேட்டது. வேறொன்றும் இல்லை. சுவர் பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இவள் சும்மா தூக்கி வைத்திருக்கிறாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆக்ஸிலேட்டரில் இருந்த காலை எடுக்காமல், இடது காலை பிரேக்கின்மேல் வைத்து மெல்ல அழுத்தினார். வேகம் குறைந்தது தெரியாத அளவுக்குத்தான்.

விரல் படுத்தது.

காலை எடுத்தார். விரல் எழுந்தது.

மறுபடி அழுத்தினார். படுத்தது. எடுத்தார், எழுந்தது. சுவர் முடிந்து, திருப்பிக்கொண்டு வந்து, மறுபடியும் ஓட்டினார். ஒருதரம் நீளமாக அழுத்தினார், ஒருதரம் தொட்டும் தொடாமலும் எடுத்தார். ஏழுதரம். ஏழுதரமும் அவள் விரல் அவருடைய பாதத்தில் கயிறு கட்டியதுபோல் விழுந்து எழுந்தது. அவள் கண் மூடியேதான் இருந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மைதீன் பிச்சைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒன்பது வருசமாக இந்த வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று ஒருநாள்கூட அவளிடம் அவர் கேட்டதில்லை. பிரேக் அழுத்தினால் நிற்கிற சத்தம் என்றால் அது எதுவென்று அவருக்குச் சொல்லத் தெரியும். ஆனால் அதைக் கேட்கிற காது இந்தப் பக்கத்து சீட்டில் இருந்திருக்கிறது.

வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். 

"நல்லாக் கேக்குதா?"

"கேக்குதுங்க."

"எம்புட்டுக்குக் கேக்கும்?"

நர்கீஸ் தயங்கினாள். "தெருவுல போறவங்க திரும்பிப் பாக்குற அளவுக்கு."

அவர் கண்முன்னால் கடந்த இரண்டு மாதமும் ஓடியது. மார்க்கெட் ரோட்டில், பள்ளிவாசல் முக்கில், கார் போகப் போக ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பதினாறு வருச வண்டி எப்படிப் போகிறது பார் என்று பார்க்கிறார்கள் என்றல்லவா அவர் நினைத்தார். சிலருக்குக் கையெடுத்து சலாமும் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஜாக்கி வைத்து முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினார்.  சக்கரத்தின் இரும்புத் தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். பாதிச் சுற்றில் இறுகிக்கொண்டது. பிரேக் போடும்போது தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கிற கவ்வி, காலை எடுத்ததும் விட்டுவிட வேண்டும். விடவில்லை. கவ்வி முன்னும் பின்னும் வழுக்கிப் போக இரண்டு பின்கள் உண்டு. ஒன்றை எப்படியோ கழற்றினார். இன்னொன்று வரவே இல்லை. சுத்தியலின் மரப்பிடியால் கால் மணி நேரம் தட்டித்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

பின் முழுக்க மஞ்சளும் கறுப்புமாக, காய்ந்த பிசின்போல் ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். அந்த வாடை அவருக்குத் தெரியும். அவர் சட்டையிலேயே இருக்கிற வாடை.

போன பங்குனியில் அவர் கையாலேயே தடவியது. ஷாப்பில் தோலுக்குப் பதம் ஏற்றக் கொழுப்பும் மீன் எண்ணெயும் காய்ச்சி ஒரு மசை வைத்திருப்பார்கள். விறைத்த தோலைக்கூட வேட்டி மாதிரி மடிய வைக்கும். கடையில் கிரீஸ் என்று விற்கிற டப்பா மசை இதற்குக் கிட்டவே வராது என்று அவர் ஒரு சிரட்டை அள்ளிவந்து கதவுக் கீலுக்குப் போட்டார். கீல் வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சந்தோசத்தில் பிரேக் பின்னுக்கும் போட்டார். தோல் சூடாகாது, பிரேக் சூடாகும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. சூட்டில் கொழுப்பு உருகி, வெந்து, பிசினாகிப் பின்னைப் பிடித்துக்கொண்டது. உள்பக்க பிரேக் கட்டையைத் திருப்பிப் பார்த்தார். கட்டையே இல்லை. இரும்பு தெரிந்தது. கட்டை தேய்ந்தால் கத்துவதற்கென்றே வைத்த சின்னத் தகடு, தட்டில் உரசி உரசிப் பளபளவென்று மின்னியது. பாவம், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

சிறுமலை ரோட்டில் பதினெட்டுக் கொண்டை ஊசி. இறங்கும்போது பாதி தூரம் பிரேக்கிலேயேதான் வரவேண்டும். மைதீன் பிச்சை அந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மகளின் முகம் வந்தது. 

புதுக் கட்டையும் சரியான மசையும் வாங்க ஸ்டீபன்ராஜின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நடந்தே போனார். ஸ்டீபன்ராஜ் வழக்கம்போல மேசையைச் சுற்றி வெளியே வந்து, அவர் முகத்துக்கு நேரே நின்றான்.

"வாங்க பாய். பிரேக் கட்டைதான? கேப்பீங்கன்னு எடுத்தே வச்சிருக்கேன். ரெண்டு மாசமா ஒங்க வண்டி கத்துறத நானும் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். பாய் பெரிய ஆளு, ஏதோ டெஸ்ட் பண்றாருன்னு விட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லப்பு."

"ஒங்க வண்டியப் பத்தி ஒங்ககிட்டயா?"

நியாயந்தான். டப்பாவை வாங்கிக்கொண்டு திரும்பியவருக்கு என்னவோ உறுத்தியது. மறுபடி நின்றார்.

"ஏம்ப்பா, எல்லாருக்கும் மேசைக்கு உள்ள இருந்துதான எடுத்துக் குடுக்குற. நான் வந்தா மட்டும் எதுக்கு வெளிய வந்து நிக்கிற?"

ஸ்டீபன்ராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அது வந்து... நர்கீஸ் அக்கா ஒருதரம் சொல்லிட்டுப் போனாங்க பாய். முகத்தப் பாத்து, நிறுத்திக் கணீர்னு பேசுப்பான்னு. மூணு வருசம் இருக்கும்."

மைதீன் பிச்சை தூறலில் நடந்து வந்தார். ஐந்து நிமிச நடை. அந்த ஐந்து நிமிசத்தில் அவருடைய வீடு அவர் கண்ணெதிரே கழன்று விழுந்து மறுபடி பூட்டிக்கொண்டது. வாசல் காலிங் பெல்லை எடுத்துவிட்டு, அழுத்தினால் கூடத்தில் பல்பு எரிகிற மாதிரி நர்கீஸ் மாற்றி வைத்தது. பெல் சத்தம் தலைவலிக்கிறது என்றாள். அவருடைய போனைச் சட்டைப் பையில் அதிர்கிற மாதிரி வைத்தது. தொழுகையில் மணியடிக்கக் கூடாது என்றாள். குக்கரை விட்டுவிட்டுச் சட்டியில் சோறு வடிக்க ஆரம்பித்தது. குக்கர் சோறு வயிற்றுக்கு ஆகவில்லையாம். மகளும் மருமகனும் எப்போது கூப்பிட்டாலும் முகம் காட்டியே பேசுவது. அவள் போடும் சத்தம். அவர் குறை சொல்லிச் சிரித்த அந்தச் சத்தம்.

மூன்று வருசமாக ஒருத்தி ஒரு வீட்டையே அவர் காதுக்குத் தோதாக மாற்றியிருக்கிறாள். ஒரு ஆணி அடித்த சத்தம்கூட அவருக்குத் தெரியாமல். அவருக்கு ஒன்பது வருசம் பிடித்தது ஒரு காருக்கு.

நர்கீஸ் பணியாரச் சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் கதவோரத்தில் நின்றார்.

"எப்பருந்து தெரியும்?"

அவள் எதை என்று கேட்கவில்லை. ஒரு பணியாரத்தைக் குத்தித் திருப்பினாள். "ஒருநா குக்கர் பதினோரு விசில் அடிச்சுச்சு. நான் மாடியில துணி எடுக்கப் போயிருந்தேன். ஓடியாந்து பாத்தா நீங்க அடுப்புக்குப் பக்கத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கீங்க. அடிபிடிச்சுப் பொகையே வந்துருச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டியதான?"

"எப்படிச் சொல்றது? அந்த மாசந்தான சங்கிலி அண்ணன ஷாப்ல மிஷின்ல இருந்து இறக்கினாங்க. காது கேக்கல, கைய விட்டுருவாருன்னு சொல்லி தோலுக்கு உப்பு அள்ளிப் போடுற வேலைக்குத் தள்ளிட்டாங்க. நீங்க மூணு நாள் சரியாச் சோறு திங்கல. மிஷின விட்டு எறங்குனா மனுசன் பொணம்னு சொன்னீங்க. அதுக்கு மேல நான் என்னன்னு சொல்ல?"

மைதீன் பிச்சை சுவரில் சாய்ந்தார். சொன்னது நினைவிருந்தது.

"அப்ப வண்டியில ஒரு சத்தமும் இல்லாமப் போனது..."

"இருந்துச்சு. பின்னால ஒரு கதவு தடதடங்கும். டாப்புல ஒண்ணு கிறீச்சுங்கும். அதுனால ஒரு நட்டமும் இல்ல. நீங்க நல்லா ஓடுது நல்லா ஓடுதுன்னு சந்தோசமா இருந்தீங்க. இருக்கட்டும்னு விட்டேன்."

"இத மட்டும் ஏன் சொன்ன?"

நர்கீஸ் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று சொல்ல முடியாது, கேஸ் அடுப்பு.

"இது எம்புள்ள உக்கார்ற வண்டி."

அன்றைக்கு மத்தியானம் ஜும்ஆ முடிந்து வந்து, குடல் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பக்கத்துக் கவ்விகளையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். ஷாப் மசையை ஒரு பிசிறு விடாமல் வழித்தெடுத்தார். புது ரப்பர், புது மசை, புதுக் கட்டை. நர்கீஸ் ஒரு முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாக எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக முறுக்கிவிட்டு, "திங்கக்கிழமை மொதலாளிகிட்ட காது விசயத்த நானே சொல்லிருறேன்" என்றார். "சரி" என்றாள். அடுத்த நட்டை எடுத்து நீட்டினாள்.

சாயங்காலம் மறுபடி சுவரோரம். இந்தத் தடவை அவர் பரீட்சை வைக்கவில்லை. போகவும் வரவுமாக நாலு தடவை ஓட்டினார். அவள் விரல் மடியிலேயே கிடந்தது. கடைசித் தடவை முடியும்போது ஒரே ஒருமுறை லேசாக எழுந்தது. அவர் சட்டென்று வண்டியை நிறுத்தினார்.

"பின் கதவு" என்றாள். "தடதடங்குது. அது பரவால்ல."

"அடுத்த வெள்ளிக்கிழமை அதுதான்" என்றார் மைதீன் பிச்சை.

சனிக்கிழமை ஷாப்புக்கு லீவு போட்டுவிட்டு மலை ஏறியபோது தூறல் இருந்தது. மேலே ஹஸ்ஸானின் வீட்டில் நெய்ச்சோறும் ஆட்டுக்கால் பாயாவும் போட்டார்கள். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு சம்பந்தியம்மா ஷப்னத்தின் தலையில் கைவைத்து துஆ ஓதினார். இரண்டு தார் மலைவாழை, ஒரு பை மிளகு டிக்கியில் ஏறின. ஹஸ்ஸான் மண்டியை மூடிவிட்டுப் பின்னாலேயே பைக்கில் வருவதாகச் சொன்னான். ஷப்னம் ஒரு தலையணையை இடுப்புக்குக் கொடுத்துப் பின்சீட்டில் சாய்ந்துகொண்டாள். நர்கீஸ் முன்சீட்டில், வலது கையை மடியில் வைத்து.

இறக்கம் ஆரம்பித்தது. மேகம் ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வளைவில் வழி தெரியும், அடுத்ததில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருக்கும். மைதீன் பிச்சை இரண்டாம் கியரிலேயே வந்தார். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக்கைத் தொடுவார், ரோட்டைப் பார்ப்பார், ஒரு கண் மடிக்குப் போய் வரும். விரல் படுத்திருக்கும். அடுத்த வளைவு. மண் சரிந்த இடத்தில் சேறு இன்னும் காயவில்லை. வண்டி அதைத் தடவிக்கொண்டு போனது. விரல் அசையவில்லை. பிரேக் கால் வைத்த இடத்தில் நின்றது, காலை எடுத்ததும் விட்டது. இத்தனை வருசம் தான் ஓட்டிவந்த வண்டி இதுதானா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தான் தனியாகத்தான் ஓட்டிவந்தேன் என்று நினைத்தது அதைவிட ஆச்சரியமாக இருந்தது.

இன்னும் மூன்று வளைவு இருக்கும்போது விரல் எழுந்தது.

மைதீன் பிச்சை ஓரத்தில் இருந்த அகலமான இடத்தில் வண்டியை ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.  "என்ன? எந்தப் பக்கம்? இடதுதான?"

"வண்டி இல்ல" என்றாள் நர்கீஸ். "பின்னால ஷப்னம் ஒங்களக் கூப்புடுறா. மூணுதரம் கூப்பிட்டுட்டா."

அவர் திரும்பினார். மகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போலச் சட்டென்று முகத்தைச் சிரிப்பாக மாற்றி, ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள். தாயிடம் கற்றுக்கொண்டது. இத்தனை நாளும் இப்படி எத்தனை தரம் கூப்பிட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று விட்டிருப்பாளோ.

"அத்தாவுக்குக் காது சரியாக் கேக்காதும்மா" என்றார் மைதீன் பிச்சை. வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நினைத்த அளவுக்குக் கனமாக இல்லை. "பின்னால இருந்து கூப்புட்டா தெரியாது. இனிமே தோளத் தொட்டுக் கூப்புடு."

ஷப்னம் தாயைப் பார்த்தாள். நர்கீஸ் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

"சரி அத்தா" என்றாள் ஷப்னம்.

அவர் முன்னால் திரும்பி உட்கார்ந்தார். வலது தோளில் இரண்டு தட்டு விழுந்தது. மறுபடி திரும்பினார்.

மகள் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தாள். அவர் முகத்துக்கு நேராக, நிறுத்தி, தெளிவாகக் கேட்டாள். "பணியாரம் வேணுமான்னு கேட்டேன் அத்தா."

மைதீன் பிச்சை ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.  நர்கீஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்தாள். அவர் அந்த விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டு முதல் கியரைப் போட்டார்.